சுழலும் பாட்டிலில் படம் ஏன் மங்குகிறது? ஹெட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதிவிடுகிறேன். பரிசுப் பொருட்களில் பெயரும் படமும் அச்சிட்டுத் தருகிறீர்கள். யூ.வி. பிளாட்பெட் மெஷின் (தட்டையான மேடையில் பொருளை வைத்து அடித்து, புற ஊதா ஒளியில் மையை உலர்த்தும் மெஷின்) ஒன்று இருக்கிறது. அக்ரிலிக், மரப்பலகை, மொபைல் கவர் எல்லாவற்றிலும் படம் கச்சிதமாக வருகிறது. அதே மெஷினில் ரோட்டரியை (உருண்டைப் பொருளைத் தாங்கித் திருப்பும் கருவி) மாட்டி 70 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் அடித்தால், சின்ன எழுத்துக்கு நிழல் விழுந்த மாதிரி இரட்டையாகத் தெரிகிறது, ஓரம் பிசிறடிக்கிறது, இடையிடையே மெல்லிய கோடுகள் வருகின்றன. ஹெட்டை (மையைத் துளித்துளியாகத் தள்ளும் பகுதி) மாற்ற வேண்டுமா, டி.பி.ஐ.யை (ஒரு அங்குலத்தில் விழும் புள்ளிகளின் எண்ணிக்கை) கூட்ட வேண்டுமா, இல்லை உருளைக்கென்றே வரும் தனி மெஷின் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தட்டையில் நன்றாக அடிக்கும் ஹெட் வளைவுக்கு வந்ததும் கெட்டுப்போவதில்லை. எனவே ஹெட்டை விட்டுவிடலாம். தட்டையான பொருளில் கேட்காமலே கிடைத்த ஏதோ ஒன்று வளைவில் கிடைக்காமல் போகிறது. அது எது, அதை எப்படி மீட்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. 17 வருடமாக இங்க்ஜெட் மெஷின்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அதில் பெரும்பகுதி பாட்டில், டியூப், பேனா, கப் போன்ற உருண்டைப் பொருட்களோடுதான் போனது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கிடைக்காமல் போவது இடைவெளியின் சீர்மை. ஹெட்டுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லா நாசிலுக்கும் (ஹெட்டில் மை வெளிவரும் நுண்துளை) ஒரே அளவாக இருந்தால் படம் கூர்மையாக இருக்கும். நாசிலுக்கு நாசில் அது மாறினால், எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்டும் மங்கலாகத்தான் அடிக்கும்.

காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். யூ.வி. மெஷின்களில் உள்ள பீசோ ஹெட் (மின்சாரம் கொடுத்தால் வளையும் படிகத்தால் மையைத் தள்ளும் வகை) துளியை ஏறக்குறைய வினாடிக்கு 5 முதல் 8 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. 6 என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. இடைவெளியைக் கடக்க அந்தத் துளிக்கு வினாடியில் 3000ல் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரியேஜ் சும்மா நிற்பதில்லை. வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அது ஓடினால், துளி கிளம்பிய இடத்துக்கு நேர் கீழே விழாமல், 0.17 மி.மீ. முன்னே தள்ளி விழும். 600 டி.பி.ஐ.யில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் 0.042 மி.மீ. தான். அப்படியானால் நான்கு புள்ளி தள்ளி விழுகிறது. ஆனால் தட்டையான பலகையில் இது நமக்குத் தெரியவே தெரியாது. எல்லாத் துளியும் ஒரே அளவு தள்ளி விழுவதால் படம் மொத்தமாக நகர்ந்து உட்காருகிறது, அவ்வளவுதான். திரும்பி வரும் பாஸில் (ஓட்டத்தில்) துளி எதிர்ப்பக்கம் தள்ளி விழும். அதைத்தான் இருதிசை கேலிபிரேஷன் என்று ஒரு எண் கொடுத்துச் சரிசெய்கிறோம். அந்த எண் ஒரே ஒரு இடைவெளிக்குத்தான் பொருந்தும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். பிளாட்பெட்டில் ரோட்டரி மாட்டும்போது பாட்டில் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கேரியேஜ் ஓடும் திசையிலேயே, பாட்டிலின் நீளவாக்கில் ஹெட் ஓடும்படி படுத்திருக்கும். ஒரு பட்டை அடித்து முடித்ததும் ரோட்டரி கொஞ்சம் திருப்பும். அடுத்த பட்டை அடிக்கும். தாள் நகர்வதற்குப் பதிலாகப் பாட்டில் திரும்புகிறது. ஹெட்டில் நாசில் வரிசை கேரியேஜ் ஓட்டத்துக்குக் குறுக்காக இருக்கும். அப்படியானால் அந்த வரிசை பாட்டிலின் வளைவுக்கும் குறுக்காக நிற்கிறது. நடு நாசில் பாட்டிலின் உச்சிக்கு நேர் மேலே இருக்கிறது. ஓரத்து நாசில்களுக்குக் கீழே பாட்டில் சரிந்து விலகிப்போகிறது.

எவ்வளவு விலகுகிறது? நடுவிலிருந்து நாசில் தள்ளியிருக்கும் தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி, பாட்டிலின் விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். உங்கள் ஹெட்டின் நாசில் வரிசை ஒரு அங்குல நீளம் என்று எடுத்துக்கொண்டால், ஓரத்து நாசில் நடுவிலிருந்து 12.7 மி.மீ. தள்ளி இருக்கிறது. 70 மி.மீ. பாட்டிலில் அங்கே இடைவெளி 2.4 மி.மீ. கூடிவிடுகிறது. நடுவில் 2 மி.மீ. இருந்தால் ஓரத்தில் 4.4. அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்கும் நேரத்தில் கேரியேஜ் இன்னும் 0.2 மி.மீ. ஓடிவிடும். போகும் பாஸில் 0.2 இந்தப் பக்கம், வரும் பாஸில் 0.2 அந்தப் பக்கம், மொத்தம் 0.4 மி.மீ. அதுதான் எழுத்துக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் நிழல். உண்மையில் இதைவிட மோசமாகவும் இருக்கும், ஏனென்றால் துளி காற்றில் போகப்போக வேகம் குறைகிறது.

இன்னொரு சிக்கலும் இதோடு சேர்ந்து வருகிறது. துளிகள் எல்லாம் நேர் கீழே விழுகின்றன, ஆனால் பாட்டில் ஓரத்தில் சரிவாக இருக்கிறது. அதனால் ஹெட்டில் 25.4 மி.மீ. நீளமுள்ள வரிசை பாட்டிலின் மேல் 26 மி.மீ. வளைவை நிரப்புகிறது. ஓரத்துப் புள்ளிகள் நடுப் புள்ளிகளைவிடச் சற்று அகலமாகப் பரவி விழுகின்றன. பல பாஸில் அடிக்கும்போது ஒரே இடத்தில் ஒரு தடவை நடு நாசில் அடிக்கும், இன்னொரு தடவை ஓர நாசில் அடிக்கும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. ஓரப் பிசிறு பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

இதுவரை சொன்னது வடிவியல், அதில் ஐயத்துக்கு இடமில்லை. உங்கள் பாட்டிலில் தெரியும் மங்கலில் இதன் பங்கு எவ்வளவு என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல எனக்கு முடியாது. ஆனால் நீங்களே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். வழவழப்பான ஒரு தாளைப் பாட்டிலின் மேல் இறுக்கமாகச் சுற்றி டேப் போட்டு ஒட்டுங்கள். 10 மி.மீ. கட்டங்கள் உள்ள ஒரு கட்டவலையையும், 6 பாயின்ட் அளவில் சில எழுத்துகளையும் அதன் மேல் அடியுங்கள். பிறகு தாளைப் பிரித்து மேசையில் விரித்து, லூப் கண்ணாடியில் பாருங்கள். நிழல் பாட்டிலின் நீளவாக்கில் விழுந்திருந்தால் மேலே சொன்ன இடைவெளிச் சிக்கல். சுற்றுவாக்கில் விழுந்திருந்தால் திருப்பும் அளவில் பிழை. அதற்குக் கீழே வருகிறேன். அடுத்து அதே வடிவத்தை ஒருதிசையில் மட்டும் அடியுங்கள். நிழல் மறைந்துவிட்டால் ஹெட் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது உறுதியாகிவிடும்.

சரி, தீர்வு? நாசில் வரிசையின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதுதான் முதல் வழி. நடுவில் 8 மி.மீ. மட்டும் வேலை செய்தால், ஓரத்தில் இடைவெளி கூடுவது 0.23 மி.மீ. தான். 8 மி.மீ. வரிசை பாட்டிலில் நிரப்பும் வளைவும் 8.02 மி.மீ. ஆகிவிடுகிறது, அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. பல மெஷின்களின் மென்பொருளில் பயன்படும் நாசில் எண்ணிக்கையைக் குறைக்க ஓர் இடம் இருக்கும். இல்லாவிட்டால் மெஷின் கொடுத்தவரிடம் கேளுங்கள், பூட்டி வைத்திருப்பதைத் திறந்து தருவார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதோடு கேரியேஜ் வேகத்தையும் குறைத்து, ஹெட்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, சின்ன எழுத்து உள்ள வேலையை ஒருதிசையில் அடியுங்கள். புதிதாக ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவிலேயே படம் ஆளே மாறிப்போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பொருள் சிறியதாக ஆக ஆக இந்தக் கணக்கு கடுமையாகும். 10 மி.மீ. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெறும் 4 மி.மீ. தள்ளிப் போனாலே இடைவெளி 2 மி.மீ. கூடிவிடும். பேனாவில் பெயர் அடிப்பவர்கள் மெல்லிய ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். அதை மீறிச் சுற்றிலும் அடிக்க வேண்டுமென்றால் நடு 2 மி.மீ.யோடு திருப்தி அடைய வேண்டும்.

டி.பி.ஐ.யைக் கூட்டுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் உறுதியான பதில். டி.பி.ஐ.யைக் கூட்டும்போது மெஷின் வழக்கமாகத் துளியைச் சிறிதாக்கும். 20 பிகோலிட்டர் (லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர்) துளியின் விட்டம் 34 மைக்ரான், 7 பிகோலிட்டர் துளிக்கு 24 மைக்ரான். சின்னத் துளிக்கு எடை குறைவு, காற்றின் தடை அதை வெகு சீக்கிரம் நிறுத்திவிடும். 1 மி.மீ. தூரத்தில் அழகாக விழும் சின்னத் துளி 4 மி.மீ. தூரத்தில் பாதி வழியிலேயே தடுமாறும். ஒவ்வொரு துளிக்கும் பின்னால் ஒரு வால் நீளும். அது அறுந்து குட்டித் துளிகளாகவும் போகும். குட்டித் துளி மெதுவாக வருவதால் தாய்த் துளியைவிட்டுத் தள்ளி விழும். இடைவெளி சிறியதாக இருந்தால் இரண்டும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். பெரியதானால் எழுத்தைச் சுற்றிப் புழுதி படிந்த மாதிரி தெரியும். ஆகவே வளைவில் அடிக்கும்போது பெரிய துளியும் நடுத்தர டி.பி.ஐ.யும்தான் கூர்மை தரும். மெஷினுக்குப் பக்கத்தில் மேசை விசிறி ஓடினால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, நடுநடுவே விழும் கோடு. இது திருப்பும் அளவைச் சேர்ந்தது. உங்கள் ரோட்டரி சக் வகையா, ரோலர் வகையா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு. சக் வகையில் மோட்டார் பாட்டிலைப் பிடித்து நேரடியாகத் திருப்புகிறது, எவ்வளவு டிகிரி திருப்ப வேண்டும் என்பதை நீங்கள் கொடுத்த விட்டத்தை வைத்து மென்பொருள் கணக்கிடுகிறது. விட்டம் 70 என்று கொடுத்து, பூச்சோடு சேர்த்து உண்மையில் 70.5 இருந்தால், சுற்றளவு 219.9 அல்ல, 221.5. ஒவ்வொரு 8 மி.மீ. நகர்விலும் 0.057 மி.மீ. கூடுதலாக நகரும், அது ஒரு புள்ளியைவிட அதிகம். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வெளிர்கோடு தெரியும். பாட்டில் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பாதீர்கள். வெர்னியரில் அளந்து கொடுங்கள், அதுவும் படம் விழும் இடத்தில் அளந்து கொடுங்கள். ஒரே பெட்டியில் வந்த பாட்டில்களிலேயே பெயின்ட் கனம் மாறும்.

ரோலர் வகையில் பாட்டில் இரண்டு உருளைகளின் மேல் கிடக்கிறது, உருளை நகரும் அளவுக்குப் பாட்டிலின் மேற்பரப்பும் நகரும். விட்டம் என்னவாக இருந்தாலும் நகர்வு சரியாகவே இருக்கும் என்பது இதன் நல்ல குணம். வழுக்குவது இதன் கெட்ட குணம். பளபளவென்ற ஸ்டீல், காலியான லேசான பாட்டில், தூசி படிந்த ரப்பர், மூன்றும் சேர்ந்தால் வழுக்காமல் இருக்காது. ரப்பரை ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்துவிட்டு, பாட்டிலுக்குள் எடைக்கு ஏதாவது போட்டு அடித்துப் பாருங்கள். கோடு குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

பாட்டில் ஆடுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். லேத் பட்டறையில் 'அவுட்' என்பார்களே, அதேதான். மையம் 0.15 மி.மீ. விலகியிருந்தால், டயல் கேஜில் 0.3 மி.மீ. ஆடும். இதனால் படம் ஒரு பாதியில் 0.15 மி.மீ. வரை முன்னும் மறு பாதியில் அதே அளவு பின்னும் நகர்ந்து விழும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், பாட்டிலைச் சக்கில் ஒரே பிடியில் வைத்து எல்லா நிறத்தையும் அடிக்கும்வரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றாகவே சேர்ந்து நகர்கின்றன. வெள்ளையை அடித்துவிட்டுப் பாட்டிலைக் கழற்றி, மறுபடி மாட்டி நிறம் அடிப்பவர்களுக்குத்தான் இது வில்லங்கம். இரண்டாவது தடவை பிடிக்கும்போது மையம் வேறு பக்கம் விலகும். வெள்ளை ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். ஒரு தடவை பிடித்தால் வேலை முடியும்வரை கழற்றக்கூடாது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

தனி மெஷின் வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உருளைக்கென்றே செய்யப்பட்ட மெஷினில் நாசில் வரிசை பாட்டிலின் அச்சுக்கு இணையாக, நீளவாக்கில் நிற்கும். அந்த ஒரு மாற்றத்தால் எல்லாம் மாறிவிடுகிறது: நேர் உருளையாக இருந்தால், வரிசையின் முதல் நாசிலிலிருந்து கடைசி நாசில்வரை எல்லாமே பாட்டிலின் உச்சிக்கு நேர் மேலே, ஒரே இடைவெளியில் இருக்கும். பாட்டில் நிற்காமல் சுழலும். சிலவற்றில் சுழன்றுகொண்டே மெதுவாக அச்சுத் திசையில் நகர்ந்து, நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோல் படம் விழும். அதில் தொடங்கிய இடம், முடிந்த இடம் என்ற தையல்கோடே இருக்காது. ஜெர்மனியின் கே.எச்.எஸ். போன்ற நிறுவனங்கள் லேபிளே இல்லாமல் பெட் பாட்டிலில் நேரடியாக அச்சிடும் பெரிய மெஷின்களை உருவாக்கியிருக்கின்றன.

ஆனால் ஹெட்டில் ஒரே வரிசை மட்டும் இருப்பதில்லை. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்கு வரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளியிருக்கும் வரிசைக்கு 70 மி.மீ. பாட்டிலில் பாதிப்பு எதுவுமே தெரியாது. அதுவே 10 மி.மீ. பேனாவில் இடைவெளி 0.67 மி.மீ. கூடும், புள்ளி 0.12 மி.மீ. தள்ளி விழும். எனவே "எங்கள் மெஷின் எல்லா விட்டத்துக்கும் சரிப்படும்" என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகத் தாமத நேரம் கொடுக்க முடியுமா, விட்டத்தை மாற்றினால் அது தானாக மாறுமா என்று கேளுங்கள். நான்கு நிறங்களின் ஹெட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் தட்டையாக அடுக்கப்பட்டு, பாட்டில் நடுவில் மட்டும் நிற்கும் அமைப்பாக இருந்தால் வாங்கவே வேண்டாம். ஹெட்டுகள் பாட்டிலின் மையத்தை நோக்கி விசிறிபோல் நிற்க வேண்டும், அல்லது பாட்டிலே ஒவ்வொரு ஹெட்டுக்குக் கீழும் போய் நிற்க வேண்டும்.

இந்த வகை மெஷினில் கூர்மையைத் தீர்மானிப்பது என்கோடர், அதாவது தண்டு எவ்வளவு கோணம் திரும்பியது என்று அளக்கும் சென்சார். 70 மி.மீ. பாட்டிலை 600 டி.பி.ஐ.யில் ஒரு சுற்று அடிக்க 5195 தடவை துளி விட வேண்டும். அந்த 5195ம் நேரத்தை வைத்து விடப்பட்டால், மோட்டாரின் வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நசுங்கும் அல்லது இழுபடும். கோணத்தை வைத்து விடப்பட்டால் மோட்டார் எப்படித் தடுமாறினாலும் புள்ளி தன் இடத்தில் விழும். அதற்குத்தான் சுழலும் தண்டில் என்கோடர் வைக்கிறார்கள். ஒரு தொழிற்சாலையில் படம் ஒரு பக்கம் மட்டும் இழுபடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் ஹெட்டின் வோல்டேஜ், மையின் வெப்பநிலை, மையின் பாகுத்தன்மை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். கடைசியில் தண்டையும் என்கோடரையும் இணைக்கும் கப்ளிங்கில் அரிசி அளவுள்ள ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் படம் நேரானது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பிடிமானங்களைத்தான். ஹெட்டைக் கடைசியில்தான் தொடுகிறேன்.

சுழலும்போது மை சிதறி வழிந்துவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் வேண்டாம். வினாடிக்கு கால் மீட்டர் வேகத்தில் மேற்பரப்பு நகரும்போது வெளியே தள்ளும் விசை, புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 30 மைக்ரான் துளியில் அந்த இரண்டையும்விட மையின் பரப்பு இழுவிசைதான் பலமானது. மை ஓடுவது துளியால் அல்ல, ஒரே இடத்தில் மையைக் குவிப்பதால். வெள்ளையைக் கனமாக ஒரே தடவையில் அடித்து, விளக்கு பலமில்லாமல் உலர வைத்தால் அது வழியத்தான் செய்யும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது, ஸ்டீல் பாட்டிலில் ஹெட்டுக்கு வரும் பெரிய ஆபத்து அதுதான். யூ.வி. எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் 395 நானோமீட்டர் ஒளி தருகிறது. தட்டையான பலகை அதை ஒரே சீராகத் திருப்பும். வளைந்த, பளபளப்பான பாட்டில் அதை எல்லாப் பக்கமும் தெறிக்கவிடும், கொஞ்சம் நாசில் தகட்டின் மேலும் விழும். நாசிலின் வாயில் மை மெல்ல உறையத் தொடங்கும், துளி கோணலாகப் போகும். காலையில் தெளிவாக வந்த படம் மாலையில் மங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வேலை தொடங்கும் முன் ஒரு நாசில் செக் (எல்லா நாசிலும் அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு), 20 பாட்டிலுக்குப் பிறகு ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னும் சக்கையும் ரோட்டரியின் ஸ்டீல் பகுதிகளையும் பளபளப்பில்லாத கறுப்பு டேப்பால் மூடுங்கள். விளக்கின் பலத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். கண்ணாடி பாட்டில் இன்னும் தொல்லை: ஒளி உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வரும். உள்ளே கறுப்புத் தாளைச் சுருட்டி வைத்தால் பெருமளவு அடங்கும்.

மேலே அகலமாகவும் கீழே குறுகியும் உள்ள டம்ளர், கப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரோட்டரியைச் சாய்த்து, படம் விழும் மேற்பரப்பு ஹெட்டுக்கு இணையாக வரும்படி வைப்பது முதல் படி. இதற்குச் சாய்க்கக்கூடிய சக் வேண்டும், ரோலரில் வைத்தால் கப் நேராக உருளாமல் ஒரு பக்கமாக நடந்து போகும். அதன் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மேல் விட்டம் 80, கீழ் விட்டம் 60 என்றால் ஒரே கோணத்துக்கு மேலே 4 பங்கு நகரும்போது கீழே 3 பங்குதான் நகரும். படம் மேலே அகன்றும் வெளிறியும், கீழே நெருங்கியும் கறுத்தும் விழும். படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் குறுக்கி வைக்க வேண்டும், கீழ்ப்பகுதியில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். சில மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. செய்யாத மென்பொருளில் சின்ன லோகோ அடித்தால் வித்தியாசம் தெரியாது. சுற்றிலும் படம் அடித்தால் தெரியும்.

ஒட்டுமானம் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன், உங்கள் பாட்டிலின் மேல் இருப்பது பவுடர் கோட்டிங்கா, லாக்கரா, வெறும் ஸ்டீலா என்று தெரியாது. பிளாஸ்டிக் என்றால் பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் மையை ஏற்காது, நெருப்புச் சுடரிலோ பிளாஸ்மாவிலோ ஒரு தடவை காட்டித்தான் அடிக்க வேண்டும். வெறும் ஸ்டீலுக்கும் கண்ணாடிக்கும் பிரைமர் தேவைப்படும். எதுவானாலும் ஒரு நாள் கழித்து பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள். வாய் படும் விளிம்பிலிருந்து கொஞ்சம் இடம் விட்டே அடியுங்கள், யூ.வி. மை உதட்டில் படுவதற்கு உகந்த பொருள் அல்ல.

தேதி அடிக்கும் இங்க்ஜெட் மெஷின் பாட்டிலிலிருந்து தள்ளி நின்றே அடிக்கிறதே, நம்மால் ஏன் முடியாது என்ற உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அது வேறு ஜாதி மெஷின். அதில் மை நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். துளிக்கு மின்னூட்டம் ஏற்றித் திசை திருப்புகிறார்கள். துளி பெரியது, வேகமும் மிக அதிகம். அதனால் 10 மி.மீ.க்கு மேலும் பாயும். ஆனால் ஒரு எழுத்தின் உயரத்துக்கு ஏழெட்டுப் புள்ளிதான். தேதிக்குப் போதும், முகப் படத்துக்கு ஆகாது.

வாங்குவது பற்றி என் கருத்து இது. மாதம் சில நூறு பாட்டில் என்றால், இருக்கும் மெஷினிலேயே நடு நாசில், ஒருதிசை, சரியான விட்டம் என்ற மூன்றையும் செய்து ஓட்டுங்கள். மிக நுணுக்கமான படம் மட்டும் வந்தால் யூ.வி. டி.டி.எஃப். பிலிமில் தட்டையாக அடித்து ஒட்டிக் கொடுக்கலாம், விரலால் தடவினால் ஓரம் தெரியும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நாளுக்குச் சில நூறு என்ற நிலை வந்தால் தனி மெஷின் பாருங்கள். அப்போது விற்பவர் வைத்திருக்கும் பாட்டிலில் அடித்துக் காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் பாட்டில் பத்தும், உங்கள் பேனா பத்தும் கொண்டுபோய், 6 பாயின்ட் தமிழ் எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். 'ணை', 'ஞூ', 'ழு' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடாமல் வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். முதல் பாட்டிலையும் பத்தாவது பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் அந்தத் தாள் சோதனையைச் செய்யுங்கள். இருதிசையில் அடித்தது, ஒருதிசையில் அடித்தது என்று இரண்டு தாளையும் விரித்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, ரோட்டரி சக்கா ரோலரா என்பதையும் ஹெட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கோடு எத்தனை மி.மீ.க்கு ஒன்று விழுகிறது என்று தெரிந்தால், அது திருப்பும் அளவின் பிழையா, அடைபட்ட நாசிலா என்று அதிலிருந்தே பிரித்துச் சொல்லிவிட முடியும்.